டீத்தண்ணி பூசிய பாலம்

மராமத்து கேங்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேலை என்று ஒன்றும் மிச்சமில்லை. சுவர் கட்டுவது, தகரம் மாற்றுவது, குழாய் ஒட்டுவது எல்லாவற்றையும் போனில் பார்த்தே கற்றுக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். நான் இந்த எஸ்டேட்டில் இருந்தவரை ஒரு குழாயைக்கூட முதல் தடவையிலேயே ஒழுகாமல் ஒட்டியதில்லை. ரிட்டயர் ஆன அன்று ஃபேக்டரி வாசலில் எல்லோரும் கைதட்டினார்கள். என் வேலைக்காகத் தட்டினார்களா, நான் போகிறேன் என்று தட்டினார்களா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. படிப்பும் அப்படித்தான். மூன்றாம் வகுப்புக்கு என்னைப் பிரிய மனசில்லை. அதிலேயே உட்கார வைத்துக்கொண்டது.

ஆனால் மாட்டிக்கொள்வது எப்படி என்று கேளுங்கள். அதில் என்னை மிஞ்சிய ஆள் குன்னூர் பக்கம் கிடையாது. மாட்டிக்கொண்ட பிறகு என்ன செய்வது என்பதிலும் கொஞ்சம் அனுபவம் உண்டு. கீழ்ப் பிரிவுப் பாலத்தின் கதையைச் சொல்கிறேன்.

அந்தப் பாலத்தில் நீங்கள் எல்லோரும் நடந்திருப்பீர்கள். ஓடையின் நடுவில் ஒரு பெரிய பாறை. கரைக்குக் கரை ஒவ்வொரு பாறை. மூன்றையும் கோத்து இரண்டு துண்டாக ஓர் இரும்பு நடைபாலம். ஓர் ஆள் போனால் எதிரே இன்னொருவர் வர முடியாத அகலம். வெள்ளைக்காரன் காலத்துப் பாலம் என்பார்கள். அந்தக் காலத்து இரும்பில் பாதி எப்போதோ துருப்பிடித்துப் போய்விட்டது. கைப்பிடியில் கொஞ்சம் பழைய தண்டவாளம் இருக்கிறது. பைக்காரா பக்கம் மின்சார வேலைக்கு வந்து மிஞ்சிய கம்பி கொஞ்சம் இருக்கிறது. அடியில் டிராக்டர் போல்ட்டு. மேலே இருக்கும் பலகை நாங்கள் போட்டது. கிரீச்சிடுவது அதனால்தான்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் தேயிலைக் காடும், தொழிலாளர்கள் குடியிருக்கும் கீழ் லைன் வீடுகளும். என் வீடும் அந்த லைனில்தான். மற்ற எல்லாம் இந்தப் பக்கம். லாரி வரும் ரோடு, கொழுந்து எடை போடும் கொட்டகை, பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. பாலம் இல்லையென்றால் சோலைக் காட்டைச் சுற்றி வரும் பழைய வண்டிப்பாதையில்தான் வர வேண்டும். அந்தப் பாதையில் காட்டெருமைகள் பட்டா வாங்கியதுபோல் நிற்கும். ஹாரன் அடித்தாலும் நகராது. நடந்து போகிறவர்களுக்கு ஏன் நகர வேண்டும்?

இந்த நிலைமையில் கம்பெனி தலைமை ஆபீசிலிருந்து ஒரு தகவல் வந்தது. பாலம் பழசாகிவிட்டது, யாராவது விழுந்தால் கேஸ் ஆகும், பிரித்துப் போட்டுவிடுங்கள் என்று. எங்கள் தொரை நல்ல மனுஷர். கோயம்புத்தூர்க்காரர். ஜீன்ஸ் போட்டாலும் எஸ்டேட் மேனேஜரைத் தொரை என்று கூப்பிடும் பழக்கம் இங்கே போகவில்லை. அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இந்தப் பாலம் பாரம்பரியச் சின்னம் என்று யாராவது சொல்லிவிட்டால் பிரிக்க முடியாது, ரிப்பேரும் நடக்கும். அதற்காக இப்படிப்பட்ட பழைய கட்டடங்களையும் பாலங்களையும் பார்த்து மதிப்புச் சொல்கிற ஓர் அம்மையாரை வரவழைத்தார். அவர் சரி என்றால் பாலம் நிற்கும். இல்லை என்றால் இரும்பு லாரி ஏறும். கீழ் லைனில் அந்த வாரம் இதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

"பாரம்பரியம்னா என்ன சேட்டா?" என்று கேட்டான் ஜோசப். கூடலூர் பக்கத்துக்காரன், என் கூட்டாளி.

"பழசா இருந்தாலும் மதிப்பா இருக்கறதுக்குப் பேருடா அது."

"அப்ப நீங்க?"

"நான் வெறும் பழசு."

தொரை எங்களைக் கூப்பிட்டு, "பாலத்தக் கொஞ்சம் நீட் பண்ணி வைங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எங்கள் எஸ்டேட்டில் நீட் என்றால் பெயிண்ட். பெரிய ஆபீசர் வருகிறார் என்றால் ரோட்டோரக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்போம், மரத்துக்கு அடிப்போம், ஓரமாக உட்கார்ந்திருந்தால் உங்களுக்கும் அடிப்போம். நாங்கள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஸ்டோரில் இருந்த வெள்ளி பெயிண்ட் டப்பாக்களை எல்லாம் தூக்கிக்கொண்டு போனோம்.

கைப்பிடிக்கு வெள்ளி. கம்பிக்கு வெள்ளி. போல்ட்டுக்கு வெள்ளி. மிஞ்சிய ஆர்வத்தில் இரண்டு கரைப் பாறைகளுக்கும் கோயில் சுவர் மாதிரி சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாக அடித்தோம். பொழுது சாயும்போது மேலே ரோட்டில் நின்று பார்த்தோம். பாலம் காதுகுத்துக்குக் கிளம்பின மாதிரி மினுமினுத்தது. எனக்குக் கண் கலங்கியது. பெயிண்ட் வாசனையாகவும் இருக்கலாம்.

அப்போதுதான் தொரை ஜீப்பிலிருந்து இறங்கினார். கையில் போன். பாலத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடியும் பாலத்தைப் பார்த்தார்.

"என்னய்யா பண்ணிப்போட்டீங்க?"

"நீட் பண்ணிப்போட்டோமுங்க."

"அந்தம்மா இப்பத்தான்யா போன்ல பேசுனாங்க. எதையும் தொடாதீங்க, எப்படி இருக்குதோ அப்படியே இருக்கட்டும், நாளான்னிக்கு வர்றேன்னாங்க."

ஜோசப் கையிலிருந்த பிரஷை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

உங்களுக்குச் சொல்கிறேன். ஒரு தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்த உடனே கை சும்மா இருக்காது. எதையாவது எடு, எதையாவது தேய், எதையாவது ஊற்று என்று அரிக்கும். அந்த அரிப்பு அடங்கும்வரை கையை ஜோபிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தோம். காயாத பெயிண்ட் இழுபட்டு, பாலத்துக்குத் தேமல் வந்த மாதிரி ஆகிவிட்டது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம். தேமல் பரவியது. தொரை தலையில் கை வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்தில் காவி, பேண்ட்டும் போச்சு.

ஜோசப்தான் சொன்னான். "சேட்டா, என் கல்யாண வேட்டியில சாயா கொட்டிச்சு. இன்னிக்கி வரைக்கும் கறை போகல்ல. அந்த வேட்டியப் பாத்தா எங்க தாத்தா கட்டினதுன்னு தோணும்."

எனக்குப் பொறி தட்டியது. எனக்குப் பொறி தட்டும்போதெல்லாம் யாராவது ஓடிவந்து தடுத்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும். ஃபேக்டரியில் கழித்துக்கட்டிய தேயிலைத் தூசி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. பெரிய டிரம்மில் போட்டுக் கொதிக்க வைத்தோம். கெட்டி டிக்காஷன். அதில் செம்மண்ணைக் கரைத்து, சாக்கைத் தோய்த்துத் தோய்த்து, பாலம் முழுக்கப் பூசினோம். வெள்ளி மறைந்து, பழுப்பாகி, மத்தியானத்துக்குள் பாலத்துக்கு ஏகப்பட்ட வயசு ஏறிவிட்டது. பாறைச் சுண்ணாம்பின் மேலும் இரண்டு வாளி. தொரையே எழுந்து வந்து பார்த்து, "பரவால்லியே" என்றார். பாவம், அவருக்கும் கை அரித்திருக்கிறது.

சாயங்காலம் காட்டிலிருந்து வந்த பெண்கள் பாலத்தடியில் நின்று மூக்கை உறிஞ்சினார்கள். என் வீட்டுக்காரி ராசாத்தி முன்னால் நின்றாள். அவள் கொழுந்து எடுக்கும் கூட்டத்தில் பெரிய கை. பெரிய வாயும்கூட.

"ஏனுங்க, பாலத்துக்கு டீ போட்டுப்போட்டீங்களா?"

"ஆமா புள்ள."

"சக்கரை பத்தல."

ஆகவே, கவலையாக இருந்தால் டீயைக் குடியுங்கள். பூசாதீர்கள்.

அன்று சாயங்காலமே தொரை இரண்டாவது உத்தரவைப் போட்டார். அம்மையார் வந்து போகும்வரை பாலத்தில் ஈ, காக்கை இருக்கக் கூடாது. பூச்சு காலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்பது ஒரு காரணம். கூட்டமாக ஆட்கள் போய் வந்தால், பாலத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாத எஸ்டேட் என்று நினைத்துவிடுவார்கள் என்பது இன்னொரு காரணம். மத்தியான எடையைக் கொஞ்சம் தள்ளிப்போட்டுக்கொள்ளலாம் என்றார். கீழ் லைன் கரையில் கயிறு கட்டி, யாரையும் விடாமல் பார்த்துக்கொள்ள ஒரு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நம்பிக்கையால் இல்லை. டிக்காஷன் என் யோசனை என்று ஜோசப் அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தான்.

மறுநாள் அந்த அம்மையார் வந்தார். கார், கூட்டம் எதுவும் இல்லை. கேன்வாஸ் ஷூ, தோளில் ஒரு பை, கையில் அளக்கும் டேப். என் மகள் வயசுதான் இருக்கும். படித்தவர்கள் வந்தால் இரண்டு கேள்வியில் மடக்கிவிடலாம் என்று ஒரு திமிர் எனக்கு எப்போதும் உண்டு. அந்தத் திமிரோடு கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழ் லைன் கடைசியில் நின்றேன். அவரும் தொரையும் ரோட்டுக் கரையிலிருந்து மெதுவாக நடந்து வந்தார்கள். நடுவில் நின்று நின்று பார்த்துக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் வந்ததும் கைப்பிடியைத் தடவி, விரலை மோந்து பார்த்தார்.

"ஐயா, இங்க டீ வாசனை வருதே?"

"எஸ்டேட்டுங்க அம்மணி. எங்களுக்கு வேர்த்தாலே டீ வாசந்தான் வரும்."

அவர் நகத்தால் லேசாகச் சுரண்டினார். உள்ளே வெள்ளி தெரிந்தது. நகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஓடையைப் பார்த்தேன்.

"எப்ப அடிச்சது?"

"முந்தாநேத்து வெள்ளிங்க. நேத்து டீங்க."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. தொரை கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மையார் கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பரவாயில்ல. பெயிண்ட்ட எடுத்துடலாம். ஒரு ஊர்ல கல் மண்டபத்துக்கே நான் வர்றேன்னு டைல்ஸ் ஒட்டி வெச்சிருந்தாங்க. சரி, இதுல எது அசல், எது அப்புறம் மாத்துனது?"

"அசல்னு பாத்தா பாறை மட்டுந்தானுங்க."

நான் ஜோக்காகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து, பாலம் பாறையில் உட்காரும் இடத்தைப் பார்த்தார். பிறகு என்னையும் குனியச் சொன்னார். பாலத்தைத் தாங்கும் இரண்டு பெரிய இரும்பு விட்டங்களில் ஒன்று நீளம், ஒன்று குட்டை. இந்தப் பாலத்தைக் கட்டினவனுக்கு அளக்கத் தெரியாது என்று நான் கேங்கில் வருஷக்கணக்காகக் கேலி பேசியிருக்கிறேன்.

"பாருங்க, பாறைய உடைக்கவே இல்ல. பாறை எங்க எடம் குடுத்துச்சோ, அதுக்குத் தகுந்தமாதிரி இரும்ப வெட்டியிருக்காங்க. இந்தப் பக்கம் ஒரு குழி இருக்கு, அதுல கால் உக்காந்திருக்கு. அந்தப் பக்கம் மேடு, அதனால குட்டை. வெள்ளம் வந்தா தண்ணிக்கு வழி அப்படியே இருக்கும். அதனாலதான் இத்தன வருஷம் நிக்குது."

நான் எத்தனையோ தடவை அந்த விட்டத்தின் மேல் உட்கார்ந்து பீடி குடித்திருக்கிறேன். குழியைப் பார்த்ததில்லை. பழைய வேலை ஒன்று கோணலாகத் தெரிந்தால், சிரிப்பதற்கு முன்னால் ஒரு தடவை குனிந்து பாருங்கள். நான் அன்றுதான் குனிந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது வேறு விஷயம்.

அம்மையார் நிமிர்ந்தார். பாலத்தை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை பார்த்தார். "இதுல யாரெல்லாம் நடக்கறாங்க சார்?"

தொரைக்கு உற்சாகம் வந்துவிட்டது. "யாருமே இல்லீங்க மேடம். ரொம்பப் பத்திரமா வெச்சிருக்கோம். ஆள் நடமாட்டமே கெடையாது."

"அப்படியா?"

"ஆமாங்க மேடம். சுத்தமா இல்ல."

அவர் முகம் கொஞ்சம் வாடின மாதிரி இருந்தது. "அப்படின்னா சுலபம். யாருமே நடக்கலன்னா, ரெண்டு பக்கமும் கேட் போட்டுப் பூட்டிடலாம். இல்லன்னா இன்னொண்ணும் பண்ணலாம். அப்படியே பிரிச்சு எடுத்துட்டுப் போயி ஊட்டியில ஏதாவது பூங்காவுல நிறுத்திடலாம். மழையில இங்க கெட்டுப்போறதவிட அது நல்லது. நாலு பேரு பாப்பாங்க."

"ரொம்ப சந்தோஷங்க மேடம்" என்றார் தொரை.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பாலம் பாஸாகிவிட்டது என்ற சந்தோஷம் அவருக்கு. அவர் பங்களா கீழ் லைன் கரையில் இல்லை. என் வீடு இருக்கிறது. மதிப்பில்லை என்றால் பாலம் லாரி ஏறும் என்று பயந்தோம். மதிப்பு இருந்தாலும் லாரிதான் ஏறப்போகிறது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாய் ஒன்றுதான் எனக்கு இருக்கிற ஆயுதம். கண்டதற்கெல்லாம் திறக்கும் அந்த வாய் அன்று திறக்கவில்லை. இரண்டு பேரும் நடுப்பாறையை அளப்பதற்குத் திரும்பிப் போனார்கள். போகும்போது தொரை என்னைப் பார்த்து, கயிறு பத்திரம் என்று கையைக் காட்டினார்.

பின்னால் சத்தம் கேட்டது. திரும்பினேன். காட்டுப் பாதையில் பெண்கள் வரிசையாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் கத்தரி போட்டு வெட்டுவதால் கொழுந்து மூட்டை முன்னைவிடப் பெரிசு. தலையில் அதை வைத்தால் ஆள் முகம் தெரியாது. முன்னால் வந்த மூட்டைக்கு அடியிலிருந்து ராசாத்தியின் குரல் வந்தது.

"கயித்த எடுங்க."

"முடியாது புள்ள. தொரை உத்தரவு."

"ஆரு, நீங்களா முடியாதுங்கறது? ஊட்ல குக்கர் மூடியத் தொறக்கறதுக்கு என்னியக் கூப்புடற ஆளு, இங்க வந்து எங்களத் தடுக்கறீங்களா?"

பின்னால் இருந்த பழனியம்மா, "அக்கா, மாமனுக்குப் போலீஸ் வேலை போட்டுக் குடுத்துட்டாங்க போல" என்றாள். எல்லா மூட்டைகளும் குலுங்கிச் சிரித்தன.

"கொஞ்சம் பொறுத்துக்க ராசாத்தி. எடையத் தள்ளிப் போட்டிருக்காங்க."

"எடையத் தள்ளிப் போடுவீங்க. கொழுந்த எங்க தள்ளிப் போடுவீங்க? சாக்குக்குள்ள கைய உட்டுப் பாருங்க, எப்படிக் கொதிக்குதுன்னு."

விட்டுப் பார்த்தேன். திணித்துக் கட்டிய கொழுந்து உள்ளே சூடாகிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நின்றால் சிவந்து போய்விடும், ஃபேக்டரியில் கழித்துவிடுவார்கள். கையை எடுத்த பிறகும் அந்தச் சூடு விரலில் இருந்தது.

"அது கெடக்குது. அந்தம்மா என்ன சொன்னாங்க? பாலம் இருக்குமா?"

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

"நல்ல பாலம்னு சொல்லிப்போட்டாங்க" என்றேன். "அதனால பிரிச்சுக் கொண்டு போயி ஊட்டியில பூங்காவுல வெப்பாங்களாம்."

ராசாத்தி திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் திட்டவில்லை. மூட்டையை ஒரு கையால் பிடித்தபடி, என்னைத் தாண்டிப் பாலத்தைப் பார்த்தாள்.

"அப்ப நாம?"

அவ்வளவுதான் கேட்டாள். ராசாத்தி திட்டினால் எனக்குப் பயமே கிடையாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அதுதான் எனக்கு ரேடியோ. ரேடியோ நின்றால்தான் பயம். அன்று பயந்துவிட்டேன்.

அந்த நேரத்தில் நான் பெரிதாக யோசித்தேன் என்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். விரலில் சூடு இருந்தது. எதிரில் அவள் முகம் இருந்தது. கயிற்றை அவிழ்க்கப் போனேன். நான் போடும் முடிச்சு எல்லாம் தானாகவே அவிழும் ஜாதி. அன்றைக்கென்று பார்த்து இறுகிக்கொண்டது. பல்லால் கடித்து இழுத்தேன். அவிழ்த்துவிட்டு, பாலத்தைப் பார்த்து, இருக்கிற தொண்டையை எல்லாம் திறந்து கத்தினேன்.

"சுமெ வருதுங்கோ!"

புதியவர்களுக்கு இதை விளக்க வேண்டும். கீழ் லைனில் இது யாரும் போட்ட சட்டம் இல்லை. சுமையோடு வருகிறவர் குரல் கொடுத்தால், வெறுங்கையோடு இருப்பவர் நடுப்பாறையில் ஒதுங்கி நிற்க வேண்டும். சுமைக்காரர் அந்தப் பாறையில் மூட்டையை இறக்கி மூச்சு வாங்குவார். ஒதுங்கி நிற்பவர் யாராக இருந்தாலும் இறக்கவும் கை கொடுக்க வேண்டும், மறுபடி தலைக்கு ஏற்றவும் கை கொடுக்க வேண்டும். வடக்கேயிருந்து வந்து காட்டில் வேலை செய்யும் பெண்கள் தமிழில் முதலில் கற்றுக்கொள்ளும் சொல்லே "சுமெ"தான்.

நடுப்பாறையில் நின்ற தொரை கையைப் பலமாக ஆட்டினார். நானும் பதிலுக்கு ஆட்டினேன்.

ராசாத்தி பாலத்தில் ஏறினாள். கொஞ்சம் இடைவெளி விட்டு அடுத்தவள். வெறுங்கையோடு பின்னால் போனால் வழக்கத்தை மீறினதாகிவிடும் என்று பழனியம்மாவின் மூட்டையை வாங்கி என் தலையில் வைத்துக்கொண்டேன். முகத்தை மறைத்துக்கொள்ளவும் அது வசதி.

பாறைக்குப் போனதும் ராசாத்தி நின்றாள். "கண்ணு, அந்த டேப்ப எடுத்துக்க சாமி. சாக்கு எறக்கோணும்."

அம்மையார் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, கேட்காமலே ஒரு கை கொடுத்தார். மூட்டை பாறையில் ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. எத்தனையோ மூட்டை உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழுவென்று ஆன பள்ளம். அம்மையார் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ராசாத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மூச்சு வந்ததும் தொரை பக்கம் திரும்பினாள்.

"தொரைங்க, ஒரு கை குடுங்க."

தொரை சுற்றிலும் பார்த்தார். மூட்டைக்கு அடியில் இருந்த என் கால்களை அடையாளம் கண்டுபிடித்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் பின்னால் சுமை வந்து நிற்கிறது, பாறையில் இடமில்லை. குனிந்து தூக்கினார். மூட்டை அவர் முட்டி வரை வந்து நின்றுவிட்டது.

"முட்டி வரைக்கும் பத்தாதுங்க தொரை. என்ற தலை இன்னும் மேல இருக்குது."

பெண்கள் சிரித்தார்கள். அம்மையார் இன்னொரு பக்கம் பிடித்தார். மூட்டை தலை ஏறியது. தொரையின் வெள்ளைச் சட்டையில் கைப்பிடியின் டிக்காஷனும் கொழுந்தின் பச்சையும் பட்டை போட்டிருந்தன. அடுத்த மூட்டை வந்தது. இறக்கினார், ஏற்றினார். அதற்கடுத்ததில் மூச்சு வாங்கியது. ஆனால் எங்கே பிடித்துத் தூக்குவது என்று பிடிபட்டுவிட்டது.

"இது தினமும் இப்படித்தானா?" என்று அம்மையார் ராசாத்தியைக் கேட்டார்.

"பின்ன? மூணு எடைக்கும் இப்படித்தானுங்க கண்ணு. அப்பறம் ரேஷனுக்கு, ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, நோம்பிக்கு, எழவுக்கு. எழவுன்னா மேளத்த அக்கட்டாலயே நிறுத்திப்போட்டு வரோணும். ரோட்டுக்குப் போயித்தான் மறுக்கா அடிப்பாங்க."

"ஏன்?"

"அடிச்சா அல்லாரும் ஒண்ணாக் கால வெப்பாங்கல்ல? பாலம் ஆடும்."

"அதை யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"இதுல சொல்லிக் குடுக்க என்ன இருக்குது? ஆடும், பயமா இருக்கும், நிறுத்துவோம்."

சொல்லிவிட்டு அவள் மூட்டையோடு நடந்துவிட்டாள். லாரி நின்றுகொண்டிருந்தது. அம்மையார் தொரையிடம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"யாருமே நடக்கறதில்லன்னு சொன்னீங்களே சார்?"

என் மூட்டை அப்போது பாறையில் இறங்கியிருந்தது. ஒளிய இடமில்லை. தொரை நினைத்திருந்தால் என்னைக் காட்டி, இந்த ஆள் உத்தரவை மீறி விட்டுவிட்டான், மற்ற நாளில் யாரும் வருவதில்லை என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவர் கையைச் சட்டையிலேயே துடைத்தார்.

"நடப்பாங்க மேடம். எல்லாருமே நடப்பாங்க. நீங்க வர்றீங்கன்னு இன்னைக்கு நாந்தான் நிறுத்தி வெச்சேன்."

அம்மையார் தலையை ஆட்டினார். "நல்லவேளை. இல்லன்னா காலிப் பாலம்னு சொல்லிட்டுப் போயிருப்பேன்." பிறகு பாறையின் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். கடைசி மூட்டை தாண்டும்வரை எழுந்திருக்கவில்லை. இரும்பை அளந்ததைவிட அதிக நேரம் அந்தப் பள்ளத்தைத்தான் அளந்தார். கையால் தடவி, போட்டோ எடுத்து, மறுபடி தடவி.

மேலே ரோட்டுக்கு ஏறும்போது தொரை என் பக்கத்தில் வந்தார்.

"கயித்த அவுத்தது ஆரு?"

"கொழுந்து சூடாயிருச்சுங்க."

"நான் கேட்டது அதில்லியே."

"முடிச்சு சரியா விழலீங்க. என்ற முடிச்சு எப்பவுமே..."

"உன்ற முடிச்சு எனக்குத் தெரியும்" என்றார். மறுநாள் முதல் டீயையும் வெள்ளியையும் கையாலேயே சுரண்டி எடுக்கும் வேலையை எனக்கும் ஜோசப்புக்கும் கொடுத்தார். மெஷின் போடக் கூடாது என்று அம்மையார் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மழை தொடங்கும்வரை சுரண்டினோம், மழை விட்ட பிறகும் சுரண்டினோம். பாறைக் காவி இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பார்த்தால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதை வைத்து, உத்தரவை மீறினால் நல்லது நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபேக்டரி பாய்லர் பக்கம் கயிறு கட்டியிருந்தால் கட்டினதுதான். உங்கள் வீட்டுக்காரி வந்து நின்றாலும் அவிழ்க்காதீர்கள். நான் சொல்வது வேறு. உத்தரவு போடுகிறவருக்கு என்ன வேண்டும் என்பதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். தொரைக்கு வேண்டியிருந்தது காலிப் பாலம் இல்லை; பாலம். இரண்டும் ஒன்று என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். நீட் பண்ணு என்று சொன்னபோதே, யார் வருகிறார்கள், எதைப் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பெயிண்ட் மிஞ்சியிருக்கும். டிக்காஷன் மிஞ்சியிருக்கும். தொரையின் பேண்ட்டும் மிஞ்சியிருக்கும்.

மழை முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் தொரை ஜீப்பை ரோட்டில் விட்டுவிட்டு நடந்தே இறங்கி வந்தார். நான் கைப்பிடியில் சுரண்டிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து ராசாத்தியும் இன்னும் இரண்டு பெண்களும் வந்துகொண்டிருந்தார்கள். நடுப்பாறைக்குப் பக்கத்தில் எல்லோரும் எதிரெதிராக நின்றார்கள்.

"அந்தம்மா முடிவு சொல்லிப்போட்டாங்க" என்றார் தொரை. "பாலம் இங்கியேதான் இருக்கும். ரிப்பேர் பண்ணுவாங்க. ஆளு நடக்கறத நிறுத்தக் கூடாதுன்னு தனியாவே சொல்லியிருக்காங்க. தலைமை ஆபீஸும் ஒத்துக்கிட்டாங்க."

நான் பிரஷைக் கீழே வைத்தேன். யாராவது கைதட்டுவார்கள் என்று பார்த்தேன்.

"பூட்டு கெடையாதுங்களா?" என்றாள் ராசாத்தி.

"கெடையாது."

"ஊட்டிக்குப் போகாதுங்களா?"

"போகாது."

"இதே எடத்துலதான்?"

"இதே எடத்துலதான்."

அவள் பாலத்தின் கம்பியை ஒரு தடவை பிடித்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த பையை உருவிக்கொண்டு, "அப்ப சரிங்க தொரை, வழிய உடுங்க. ரேஷன் கடையச் சாத்திப்போடுவான்" என்றாள்.

அவள் கையில் இருந்தது காலிப் பை. வழக்கப்படி பார்த்தால் தொரை ஒதுங்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒதுங்கி, பாறையில் ஏறி நின்றார்.